குளிர்பான அட்டைப் பெட்டி: பாலராமபுரத்து வீட்டு முற்றத்திலிருந்து காகிதக் கூழ் ஆலை வரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாலராமபுரம். அதைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை, அதன்பின் பாறசாலை, அதற்கடுத்துத் தமிழகத்தின் களியக்காவிளை. இச்சாலையோரப் பெட்டிக்கடை எதுவாயினும், கண்ணாடிக் கதவுள்ள குளிர்பதனப் பெட்டியில் மாம்பழச்சாறு, ஆப்பிள் சாறு, நறுமணப் பால் ஆகியவை சிறிய அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மளிகைக் கடைகளில் ஒரு லிட்டர் பழச்சாறும், 200 மில்லி தேங்காய்ப் பாலும் அதே வகைப் பெட்டிகளில் கிடைக்கின்றன. குடித்து முடித்த பின் அந்தப் பெட்டி எங்கே செல்கிறது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் கழிவு எல்லை கடப்பதே இரு மாநிலங்களுக்கிடையே வழக்காக மாறிவிட்ட இப்பகுதியில் அது சிறிய கேள்வி அன்று.

பேச்சுவழக்கில் 'டெட்ரா பேக்' என்று அழைக்கப்படும் இப்பெட்டியைக் காகிதம் என்று கருதிப் பழைய செய்தித்தாள்களுடன் கட்டி வைப்போர் உண்டு. பிளாஸ்டிக் என்று கருதி அந்தப் பையில் போடுவோரும் உண்டு. இரண்டும் பாதி உண்மையே. நீண்ட நாள் கெடாத பானங்களுக்கான பெட்டியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அட்டை. ஐந்தில் ஒரு பங்கு பாலித்தீன். எஞ்சிய ஏறத்தாழ 5 சதவீதம் அலுமினியத் தகடு. இவை ஆறு அடுக்குகளாக ஒன்றன்மீது ஒன்று ஒட்டப்பட்டுள்ளன. வெளிப்புறத்தில் ஈரம் புகாமல் காக்கும் பாலித்தீன், அதன் கீழ் விறைப்பும் வடிவமும் தரும் அட்டை, பின்னர் மீண்டும் பாலித்தீன், அடுத்து தலைமுடியை விடப் பன்மடங்கு மெல்லிய அலுமினியத் தகடு, கடைசியாகப் பானத்தைத் தொடும் பக்கத்தில் இரு பாலித்தீன் அடுக்குகள்.

இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. பாலை 135 டிகிரி செல்சியசுக்கு மேல் சில விநாடிகள் மட்டும் சூடாக்கி உடனே குளிர்வித்து, கிருமி நீக்கப்பட்ட பெட்டியில் அடைத்துவிட்டால், பெட்டியைத் திறக்கும் வரை அது குளிர்பதனம் இன்றியே பல மாதங்கள் கெடாது. ஒளியும் ஆக்சிஜனும் உள்ளே புகாமல் தடுப்பது அந்த அலுமினியத் தகடுதான். சுவீடனின் லண்ட் நகரில் 1951-ஆம் ஆண்டு ரூபன் ரௌசிங் நிறுவிய டெட்ரா பேக் நிறுவனம் முதலில் நான்முக வடிவப் பெட்டிகளைத் தயாரித்தது. இன்று காணப்படும் செங்கல் வடிவப் பெட்டி 1963-இல் வந்தது. இந்தியாவில் இதை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியது 1985-இல் சந்தைக்கு வந்த ஃப்ரூட்டி மாம்பழ பானம். மின்தடையும் வெப்பமும் மிகுந்த நாட்டில் குளிர்பதனம் இல்லாமல் பாலும் சாறும் ஊர்தோறும் சென்று சேர இப்பெட்டி உதவியது. அதே ஒட்டுதல்தான் அதைப் பிரித்தெடுப்பதைக் கடினமாக்குகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கேரளத்தில் மில்மா பால் பெரும்பாலும் விற்பனையாவது பாலித்தீன் உறையில். அது முழுக்க பிளாஸ்டிக். அதைக் கழுவி உலர்த்திப் பிளாஸ்டிக்குடன் கொடுத்தால் போதும். அட்டைப் பெட்டியைத் தனியாக வைப்பதே சரி.

ஆலையில் நடப்பது என்ன?

பான அட்டைப் பெட்டியைப் பிரிக்க வேதிப்பொருள் எதுவும் தேவையில்லை. தண்ணீரும் சுழற்சியும் போதும். காகித ஆலைகளில் உள்ள கூழாக்கும் தொட்டி, வீட்டு மாவரைக்கும் கிரைண்டரின் பிரம்மாண்ட வடிவம் எனலாம். அதில் பெட்டிகளைக் கொட்டித் தண்ணீர் விட்டுச் சுமார் அரை மணி நேரம் சுழற்றினால், அட்டையின் நார்கள் நீரை உறிஞ்சி ஊதி, பாலித்தீனிலிருந்து விடுபட்டுக் கூழாகின்றன. சல்லடை வழியே கூழ் வெளியேற, பாலித்தீனும் அலுமினியமும் ஒட்டிய மெல்லிய துண்டுகள் தொட்டியில் தங்குகின்றன. பெட்டிக்குப் பயன்படும் அட்டை நீண்ட நார்களைக் கொண்டது, வலுவானது. எனவே அந்தக் கூழுக்குக் காகித ஆலைகளில் மதிப்பு உண்டு. அட்டைப் பெட்டிகளும் பழுப்புக் காகிதமும் அதிலிருந்து தயாராகின்றன.

எஞ்சிய பாலித்தீன் – அலுமினியக் கலவையும் வீணாவதில்லை. அதை நறுக்கிப் பரப்பிச் சூடாக்கி அழுத்தினால் பாலித்தீன் உருகித் தானே பசையாகி, மரப்பலகை போன்ற தகடு கிடைக்கிறது. மழைநீரில் ஊறாத, கரையான் அரிக்காத இத்தகடுகளிலிருந்து கூரை ஓடுகளும் பள்ளி மேசைகளும் இருக்கைகளும் செய்யப்படுகின்றன. மும்பையில் 2010-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஒரு திட்டத்தில், சில்லறை அங்காடிகளில் மக்கள் கொண்டுவந்து போட்ட பெட்டிகள் பள்ளிகளுக்கான மேசைகளாகத் திரும்பின.

ஆயினும் இவ்வகை ஆலைகள் நாட்டில் ஒரு சிலவே. மகாராஷ்டிரத்தின் பால்கர், உத்தராகண்டின் காதிமா போன்ற இடங்களில் அவை இயங்குகின்றன. பாலராமபுரத்திலிருந்து பால்கருக்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல். இத்தனை தூரம் ஒரு காலிப் பெட்டி போய்ச் சேருமா என்பதைத் தீர்மானிப்பது லாரிக் கட்டணம். லாரிக் கட்டணத்தைத் தீர்மானிப்பதோ, அந்தப் பெட்டி வீட்டிலிருந்து எந்த வடிவில் வெளியேறியது என்பதே.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் காலிப் பெட்டியின் எடை ஏறத்தாழ 28 கிராம். ஒரு டன் சேர வேண்டுமானால் சுமார் 35,000 பெட்டிகள் வேண்டும். மடக்காமல் அடுக்கினால் ஒரு கன மீட்டர் இடத்தில் ஆயிரம் பெட்டிகள்கூட அடங்காது. அதாவது அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டும் எடை 28 கிலோவைத் தாண்டாது. அப்படி ஏற்றினால் லாரி சுமப்பது பெரும்பாலும் காற்றைத்தான். அதே பெட்டிகளைத் தட்டையாக்கிக் கட்டினால் பன்மடங்கு எடை அதே இடத்தில் அடங்கும். ஆக்ரி கடைகள் எனப்படும் பழைய பொருள் கடைகள் இப்பெட்டிகளுக்குப் பொதுவாக விலை தராமைக்கும் இதுவே முதற்காரணம். பார்வைக்கு மூட்டை பெரிது, தராசில் ஒன்றுமில்லை.

வாசலுக்கு வரும் சேனை

கேரளத்தில் வீட்டுக் கழிவைப் பெறும் பொறுப்பு ஹரித கர்ம சேனையிடம் உள்ளது. குடும்பஸ்ரீ அமைப்பைச் சேர்ந்த பெண்களே இதன் உறுப்பினர்கள். மக்காத கழிவை வீடுவீடாகச் சென்று பெறுவது அவர்கள் பணி. வீடுகளுக்கான மாதக் கட்டணம் ஊராட்சிகளில் 50 ரூபாய், நகராட்சிகளில் 70 ரூபாய் என்ற அளவில் வசூலிக்கப்படுகிறது. பாலராமபுரமும் பாறசாலையும் கிராம ஊராட்சிகள், நெய்யாற்றின்கரை நகராட்சி. வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டுள்ள கியூஆர் குறியீட்டை 'ஹரிதமித்ரம்' செயலி மூலம் ஸ்கேன் செய்து, கழிவு பெறப்பட்டது பதிவு செய்யப்படுகிறது.

எந்த மாதத்தில் எந்தப் பொருள் எடுக்கப்படும் என்பதற்கு நாட்காட்டியும் உண்டு. பிளாஸ்டிக் எல்லா மாதங்களிலும் பெறப்படுகிறது. கண்ணாடி, பழந்துணி, செருப்பு, பை, மின்னணுக் கழிவு முதலியவற்றுக்குக் குறிப்பிட்ட மாதங்கள் உள்ளன. இவ்வாறு சேர்ந்தவை ஊராட்சியின் சேகரிப்பு மையத்துக்குச் சென்று தரம் பிரிக்கப்படுகின்றன. அங்கிருந்து மாநில அரசின் கிளீன் கேரளா நிறுவனம் உள்ளிட்ட முகமைகள் எடுத்துச் செல்கின்றன.

மையத்தில் நடக்கும் தரம்பிரிப்பில்தான் பெட்டியின் விதி முடிவாகிறது. மறுசுழற்சிக்கு ஏற்ற நிலையில் இருப்பவை விலை போகும் பொருட்கள். அந்தப் பணம் சேனைப் பெண்களின் வருமானத்துக்கும் துணை. அழுக்கேறியவை, ஈரத்தில் பூஞ்சை பிடித்தவை, உணவு ஒட்டியவை 'கழிக்கப்பட்டவை' என்ற குவியலுக்குச் செல்கின்றன. அந்தக் குவியலை எரிபொருளாகச் சிமெண்ட் ஆலைச் சூளைகளுக்கு அனுப்பப் பணம் பெறுவதற்குப் பதிலாகப் பணம் செலவிட வேண்டியுள்ளது. முக்கால் பங்கு தரமான காகித நார் கொண்ட பொருள், ஒரு கைப்பிடித் தண்ணீரில் அலசப்படாத காரணத்தால் சூளைக்குப் போகிறது.

அலசுவதற்குத் தனியாக நல்ல தண்ணீர் வீணாக்கத் தேவையில்லை. பாத்திரம் கழுவி முடித்த கடைசி அலசல் நீர் போதும். சிறிது நீரை உள்ளே விட்டுக் குலுக்கிக் கவிழ்த்தால் சர்க்கரையும் பாலும் அகன்றுவிடும். பெட்டியின் மேற்புறமும் அடிப்புறமும் காது போல் மடித்து ஒட்டப்பட்டுள்ள நான்கு மூலைகளையும் விரலால் இழுத்து விடுவித்தால் பெட்டி தானாகவே தட்டையாகும். தட்டையாக்கிய பின் உள்ளே காற்றுப் புகாது என்பதால் முதலில் கவிழ்த்து உலர்த்துவதும், பிறகு மடக்குவதுமே சரியான வரிசை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். இரண்டு நாளில் அதிலிருந்து புளித்த வாடை எழுவதும் அதனால்தான். உறிஞ்சுகுழல் ஒட்டிவரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் தனியே எடுத்துவிட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை வந்தபின் உறிஞ்சுகுழல்கள் காகிதத்துக்கு மாறின. உறை மட்டும் மாறவில்லை.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மடக்காமல் முற்றத்தில் எறிந்த பெட்டி மழைநீரைத் தேக்குகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட இரண்டு கரண்டித் தண்ணீரே போதுமானது. இனிப்பும் பாலும் ஒட்டிய பெட்டிகளைச் சாக்கில் கட்டி வீட்டின் பின்புறம் மாதக்கணக்கில் வைத்தால் எறும்பும் எலியும் வரும். எலிக்காய்ச்சல் ஆண்டுதோறும் உயிர்களைக் குடிக்கும் மாநிலத்தில் இதை வெறும் அருவருப்பு என்று ஒதுக்க முடியாது. அந்தச் சாக்கைத் தோளில் சுமந்து செல்பவர் சேனைப் பெண் என்பதும் நினைக்கத்தக்கது.

எரிப்பது எளிய வழியாகத் தோன்றினாலும் அதுவே மிகத் தவறானது. சருகு கூட்டி எரித்து அந்தச் சாம்பலைத் தென்னையின் அடியில் இடுவது இப்பகுதியின் பழைய வழக்கம். சருகுடன் பெட்டியும் சேர்ந்தால் அட்டை எரிகிறது. பாலித்தீன் குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரிந்து நச்சுப் புகையைக் கக்குகிறது. அலுமினியத் தகடு எரியாமல் சாம்பலில் துண்டு துண்டாகக் கிடந்து தென்னந்தடத்துக்குள் போகிறது. உள்ளாட்சிச் சட்டப்படி இது அபராதத்துக்குரிய செயலும் ஆகும்.

நெசவூரில் ஒரு மறுபயன்பாடு

மறுசுழற்சிக்கு அனுப்புவதற்கு முன் வீட்டிலேயே பெட்டிக்கு இன்னொரு வேலை கொடுக்கலாம். பாலராமபுரத்தில் அதற்கு இயல்பான ஒரு வழி கண்முன்னே இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர் இது. அவர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர்கள் இங்கே குடியேற்றப்பட்டனர். குழித்தறியில் கையால் நாடா எறிந்து நெய்யப்படும் பாலராமபுரம் கசவு வேட்டியும் சேலையும் 2009-இல் புவிசார் குறியீடு பெற்றன. பாவும் ஊடையும் மேலும் கீழுமாகப் பின்னும் அந்த அடிப்படை, அட்டைப் பெட்டிக்கும் பொருந்துகிறது.

ஒரு லிட்டர் பெட்டியின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் வெட்டி நீக்கி, ஒட்டுத் தையல் உள்ள பக்கத்தில் பிளந்தால் ஒரு செவ்வகத் தாள் கிடைக்கும். அதை மூன்று விரல் அகலக் கீற்றுகளாக வெட்டி, வெள்ளிப்பக்கம் வெளியே தெரியுமாறு நீளவாக்கில் இரண்டாக மடிக்க வேண்டும். மடித்த கீற்றுகளை நெருக்கமாகப் பரப்பி, மற்றக் கீற்றுகளைக் குறுக்கே மேல்–கீழாகச் செலுத்தினால் பாய் போன்ற பின்னல் உருவாகும். தாழை ஓலையில் பாய் முடைந்த பழக்கம் உள்ள கைகளுக்கு இது புதிதன்று. ஓரங்களை மடித்துத் தைத்தால் சூடில்லாத பாத்திரங்களுக்கான விரிப்பாகும். நான்கு பக்கமும் உயர்த்திப் பின்னினால் காய்கறிக் கூடையாகும். பாலித்தீன் பூச்சு இருப்பதால் ஈரத்துணியால் துடைக்கலாம். ஆனால் வெட்டிய ஓரங்களில் அட்டை வெளியே தெரியும், அதன் வழியே நீர் ஏறும் என்பதால் ஊறவிடக் கூடாது. ஒரு நடுத்தரக் கூடைக்கு இருபது, முப்பது பெட்டிகள் செலவாகும்.

இதைவிட எளிதானது நாற்றுத் தொட்டி. மாடியிலும் முற்றத்திலும் காய்கறி வளர்க்கும் வீடுகள் கேரளத்தில் ஏராளம். ஒரு லிட்டர் பெட்டியின் மேற்புறத்தை வெட்டி, அடியில் நான்கைந்து துளைகளிட்டு, மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய சாணம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பினால் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்கு ஏற்ற தொட்டி தயார். நெகிழிப் பைகளைவிட இது நிமிர்ந்து நிற்கும். வேருக்கு வெயில் படாது. நான்கு வாரங்களில் நாற்றுத் தயாரானதும் பெட்டியின் இரு பக்கங்களையும் கத்தியால் கீறி, வேர்மண் உதிராமல் எடுத்து நடலாம். அட்டை மக்கிவிடும் என்று எண்ணிப் பெட்டியோடு சேர்த்துப் புதைப்பது பரவலாகக் காணப்படும் பிழை. அட்டை மக்கும். அதன் இருபுறமும் உள்ள பாலித்தீனும் நடுவில் உள்ள அலுமினியமும் மக்காமல் வேரைச் சுற்றி நிற்கும்.

சிறிய 200 மில்லி பெட்டிகளை மேல்மூடி வெட்டி அடுக்கினால் தறியருகே நூல்சுற்றிய தார்களையும், தையல் பொத்தான்களையும், ஆணிகளையும் பிரித்து வைக்க உதவும். பிரேசிலில் ஏழை வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், பிரித்து இணைத்த பெட்டித் தாள்களை வெள்ளிப்பக்கம் தெரியுமாறு விரித்துக் கட்டி வெப்பத்தைக் குறைக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. பளபளக்கும் தகடு வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்புவதே அதன் அடிப்படை. கூரைத்தகடு வேய்ந்த தறிக்கொட்டில்களுக்கு இது கவர்ச்சியான யோசனைதான். ஆனால் காகிதமும் பாலித்தீனும் எளிதில் தீப்பற்றும். அடுப்புக்கோ பழைய மின்கம்பிக்கோ அருகில் இதைச் செய்யலாகாது.

செய்யக் கூடாதவை வேறு சிலவும் உண்டு. காலிப் பெட்டியில் மீண்டும் உணவோ எண்ணெயோ நிரப்பி வைப்பது பாதுகாப்பானதன்று. மூலைகளில் தங்கும் பழைய பானத்தை வீட்டில் முழுமையாக நீக்க முடியாது. அலுமினியம் இருப்பதால் மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவும் கூடாது.

ஆலையில் நடப்பதைப் பள்ளி மாணவர்கள் வீட்டிலேயே சிறிய அளவில் செய்து பார்க்கலாம். இரண்டு பெட்டிகளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து வெந்நீரில் ஊறவைத்தால், ஓரிரு நாளில் பாலித்தீன் தோல் உரிந்துவரும். கத்தரியால் வெட்டுவதைவிடக் கிழிப்பது நல்லது, கிழிந்த ஓரத்தில் நீர் விரைவாக ஏறும். உரித்தெடுத்த அட்டையை நீருடன் மிக்சியில் அடித்து, மெல்லிய வலை மேல் பரப்பி வடித்து, பழந்துணியில் ஒற்றி வெயிலில் உலர்த்தினால் சொரசொரப்பான கைக்காகிதம் கிடைக்கும். எஞ்சிய வெள்ளித் துண்டுகளே, ஆலையில் பலகையாக மாறும் அந்தக் கலவை.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டு மறுபயன்பாடு பெட்டியின் ஆயுளை நீட்டிக்குமே தவிர, மறுசுழற்சிக்கு மாற்றாகாது. வாரத்துக்கு மூன்று சிறு பெட்டிகள் வாங்கும் வீட்டில் ஆண்டுக்கு 150-க்கு மேல் சேரும். அத்தனை நாற்றுத் தொட்டி எந்த வீட்டுக்கும் தேவைப்படாது. மண் ஒட்டி, மழையில் நைந்து, பூஞ்சை பிடித்த தொட்டியை எந்தக் கூழ் ஆலையும் விரும்பாது. தேவையான பத்து, இருபது பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைச் சுத்தமாகக் கொடுத்துவிடுவதே பயனுள்ள வழி.

எல்லை கடக்கும் மூட்டைகள்

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, அந்த இணைப்பைக் கோரிய இயக்கம் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று வரையப்பட்ட கோடு இன்று கழிவுக்கும் எல்லையாகிவிட்டது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில், திருவனந்தபுரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டதைத் தொடர்ந்து, கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அவற்றைத் திரும்ப ஏற்றிச் சென்றனர். அங்கே கொட்டப்பட்டவை பழச்சாற்றுப் பெட்டிகள் அல்ல. ஆனால், தரம் பிரிக்கப்படாத கழிவை அகற்றச் செலவு அதிகம், பக்கத்து ஊரில் இறக்கிவிடச் செலவு குறைவு என்ற கணக்கு எல்லா வகைக் கழிவுக்கும் ஒன்றே.

பெட்டிக்கும் புட்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. நீலகிரியில் 2022 மே மாதம் தொடங்கிய திட்டத்தில் காலி மதுப்புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கிறது. கேரள மதுபானக் கழகமும் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் 20 ரூபாய் வைப்புத்தொகையுடன் பிளாஸ்டிக் புட்டிகளைத் திரும்பப் பெறும் சோதனை முயற்சியைத் தொடங்கியது. பத்து, இருபது ரூபாய் என்றதும் சாலையோரத்தில் கிடக்கும் புட்டியைக் குனிந்து எடுக்க ஆள் வருகிறார். பழச்சாற்றுப் பெட்டிக்கு அத்தகைய வைப்புத்தொகை இல்லை. தமிழகத்தில் மதுவையே அட்டைப் பெட்டியில் விற்கும் யோசனை 2023-இல் அரசின் பரிசீலனையில் இருப்பதாக அமைச்சர் தெரிவித்தபோது, காலிப் பெட்டியை யார் திரும்பப் பெறுவார் என்ற கேள்வியும் எழுந்தது.

வைப்புத்தொகை வரும் வரை, பெட்டியின் மதிப்பு வீட்டிலேயே தீர்மானமாகிறது. அலசி, உலர்த்தி, தட்டையாக்கிய பெட்டிகளை ஒரு பழைய துணிப்பையில் நிற்க வைத்தால் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சேர்க்கை ஒரு நோட்டுப் புத்தகத்தின் தடிமனுக்கு மேல் வராது. பிளாஸ்டிக் பையுடன் கலக்காமல் தனியே வைத்து, சேனை உறுப்பினர் வரும் நாளில் இது பான அட்டைப் பெட்டி என்று சொல்லிக் கொடுத்தால், சேகரிப்பு மையத்தில் அதைத் தேடிப் பிரிக்கும் ஒரு கைவேலை மிச்சமாகும்.